குணம் பார்த்துச் சேர்த்தார்கள்

ஜெரோம் காரபெலின் 'தி சோசன்' 2005இல் வந்த புத்தகம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்று இடத்திலும் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்பதன் வரலாறு. எழுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. தலையணை சைஸ் புத்தகம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் யூத வெறுப்பு பற்றி இன்றைக்கு நடக்கிற சண்டை புரியணும்னா இதுக்குள்ள போய்த்தான் ஆகணும்.

1922இல் ஹார்வர்டின் முதலாண்டு மாணவர்களில் யூதர்கள் 21.5 சதவீதம். யாரும் சலுகை கொடுத்து வந்தவர்கள் இல்லை. பரீட்சை எழுதி வந்தவர்கள். கிழக்கு அய்ரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இவர்களில் நிறைய. பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெலுக்கு இது பொறுக்கவில்லை. 15 சதவீதத்தோடு நிறுத்து என்றார். அதுக்கு அவர் சொன்ன நியாயத்தைப் பாருங்கள்: யூதர்கள் கூடக்கூட மாணவர்களிடையே யூத வெறுப்பும் கூடுகிறது, ஆளைக் குறைத்தால் வெறுப்பு குறையும். வெறுக்கிறவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. வெறுக்கப்படுகிறவன்தான் போகணும். முதலாண்டு விடுதியில் கறுப்பு மாணவர்கள் தங்கக் கூடாது என்று தடுத்ததும் இதே லோவெல்தான். எதிர்ப்பு கிளம்பி 1923இல் அந்தத் தடை விழுந்தது.

வெளிப்படையான கோட்டா கௌரவக் குறைச்சல் என்று பேராசிரியர் குழு 1923இல் மறுத்துவிட்டது. லோவெல் விடவில்லை. 1922லேயே விண்ணப்பத்தில் புதுக் கேள்விகள் நுழைந்திருந்தன. உன் மதம் என்ன? அம்மா கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த பேர் என்ன? அப்பா எங்கே பிறந்தார்? நீ பிறந்த பிறகு உன் பேரையோ அப்பா பேரையோ மாற்றியிருக்கிறீர்களா? பேரை மாத்தினாலும் விடமாட்டான், தோண்டி எடுப்பான். 1926இல் முதலாண்டுக்கு ஆயிரம் இடம்தான் என்று வரம்பு கட்டினார்கள். மார்க் மட்டும் போதாது, குணம் பார்க்கணும், ஆளுமை பார்க்கணும் என்றார்கள். போட்டோ கேட்டார்கள். 1925இல் கால் பங்கைத் தாண்டியிருந்த யூத மாணவர் எண்ணிக்கை, சில வருஷத்தில் லோவெல் ஆசைப்பட்ட அளவுக்கே இறங்கிவிட்டது. சட்டத்தில் கோட்டா கிடையாது. குணம்தான் பார்த்தார்கள்!

காரபெல் நிறுவுவது இதைத்தான். தகுதி என்பது வானத்திலிருந்து விழுந்த அளவுகோல் இல்லை. அதிகாரத்தில் இருக்கிறவன் தனக்குத் தோதாக மாற்றிக்கொள்கிற அளவுகோல். பரீட்சையில் யூதப் பிள்ளை ஜெயித்ததும் பரீட்சை போதாமல் போச்சு. தகுதி, திறமை என்று காது புளிக்கக் கேட்டிருக்கிற நமக்கு இந்த அத்தியாயங்களைப் படிக்க அகராதி தேவைப்படாது. இன்னொன்றும் உண்டு. அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தது 1913 முதல் 1916 வரை. அங்கே அவருக்கு வழிகாட்டிய எட்வின் செலிக்மன் யூதர். அந்தக் கொலம்பியாவும் அடுத்த சில வருஷத்தில் யூத மாணவர்களைக் குறைக்க வழி தேடியது.

புத்தகத்தில் எனக்கு ஒரு குறை. பெரும்பாலும் வாசற்காவல்காரர்களின் கடிதங்களும் கோப்புகளும்தான் பேசுகின்றன. நிராகரிப்புக் கடிதத்தை வாங்கின பையன் வீட்டில் என்ன பேசினார்கள், அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது அவன் கை என்ன செய்தது என்பது போதுமான அளவு வரவில்லை. கோப்பு ஒடுக்குகிறவனின் மனசைக் காட்டும். ஒடுக்கப்பட்டவனின் வலிக்குச் சாட்சியம்தான் வேணும்.

இன்றைக்குச் சாட்சியம் இருக்கிறது. 2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதல், அதைத் தொடர்ந்த காசா போர், இவற்றுக்குப் பிறகு வளாகங்கள் கொதித்தன. 2025 ஏப்ரலில் ஹார்வர்டு இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. ஒன்றில் யூத, இஸ்ரேலிய மாணவர்கள் ஒதுக்கப்பட்டதையும் அடையாளத்தை மறைத்து நடந்ததையும் சொல்கிறார்கள். இன்னொன்றில் முஸ்லிம், அரபு, பாலஸ்தீன மாணவர்கள் வாய் அடைக்கப்பட்டதையும் கைவிடப்பட்டதையும் சொல்கிறார்கள். நம்மாட்களில் சிலர் முதல் அறிக்கையைப் பார்த்ததுமே 'எல்லாம் இஸ்ரேல் பிரச்சாரம்' என்று கை உதறுகிறார்கள். இது தப்பு தோழர்களே. காசாவில் குண்டு போடுகிற அரசுக்கு ஒரு பத்தொன்பது வயசுப் பெண் வகுப்பறையில் பதில் சொல்லணுமா? பிறப்பை வைத்து ஆளைக் குற்றவாளியாக்குவது எங்கே நடந்தாலும் நமக்குத் தெரிஞ்ச வேலைதானே.

அதே மூச்சில் மற்றதையும் சொல்லணும். இஸ்ரேல் அரசை எதிர்க்கிற ஒவ்வொரு குரலையும் யூத வெறுப்பு என்று முத்திரை குத்துவதும் மோசடிதான். 2025இல் டிரம்ப் அரசு யூத வெறுப்பைக் காரணம் காட்டி ஹார்வர்டின் இருநூறு கோடி டாலருக்கு மேலான ஆராய்ச்சி நிதியை முடக்கியது. செப்டம்பரில் தீர்ப்பு சொன்ன நீதிபதி, யூத வெறுப்பு இங்கே ஒரு புகைத்திரையாகப் பயன்பட்டது என்றார். அதே தீர்ப்பில், ஹார்வர்டு யூத வெறுப்பை இன்னும் முன்னாடியே கவனித்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

1922இல் யூதரைக் காப்பதாகச் சொல்லித்தான் லோவெல் யூதரை வெளியே தள்ளினார். யாருடைய பேரைச் சொல்லி யார் கம்பு எடுத்தாலும், அடி யார்மேல் விழுகிறது என்று பார்க்க இந்தப் புத்தகம் பழக்குகிறது. முழுசும் முடியாவிட்டாலும் 1920கள் பற்றிய பகுதியையாவது யாராவது தமிழில் கொண்டுவரணும். கல்லூரி மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது அந்த விண்ணப்பக் கேள்விகளை.