பெயரும் பெயரின்மையும்: ‘அட்டுவான் கல்லறைகள்’ நாவலில் மறைவுலகின் மொழி

1. முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் (1929–2018) எழுதிய எர்த்சீ வரிசையின் இரண்டாம் நாவல் ‘அட்டுவான் கல்லறைகள்’. 1971-இல் வெளிவந்த இவ்விளையோர் நாவல் 1972-இல் நியூபெரி மதிப்புச் சிறப்பினைப் பெற்றது. நிலத்தடியில் மறைந்து கிடக்கும், உயிருக்கு ஊறு விளைவிக்கும் ஓர் உலகமே இதன் களம். இத்தகைய கதைகளில் அச்சம் பெரும்பாலும் அரக்கர், பேய் முதலிய உருவங்களால் ஊட்டப்படும். இந்நாவலின் தீய ஆற்றல்களுக்கோ உருவம் இல்லை. இங்கு அச்சம் பெயரீட்டின் வழியாகவே கட்டமைக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

2. இரு பெயர்கள்

தாயொருத்தி தன் மகள் டெனாரைப் பெயர் சொல்லி வீட்டுக்கு அழைப்பதுடன் நாவல் தொடங்குகிறது. கல்லறைகளின் தலைமைப் பூசாரிணி இறந்த இரவில் பிறந்தவள் என்பதால், அவளே மறுபிறவி எடுத்தாள் எனக் கருதி, இக்குழந்தையைக் கொண்டு செல்கின்றனர். சடங்கொன்றில் அவள் பெயர் பறிக்கப்படுகிறது. ‘ஆர்கா’ என்னும் பெயர் இடப்படுகிறது.

‘டெனார்’ என்னும் பெயருக்கு இந்நாவல் பொருள் கூறுவதில்லை; வாசகரைப் பொறுத்தவரை அஃது இடுகுறிப்பெயர். ‘ஆர்கா’ என்பதற்கு ‘உண்ணப்பட்டவள்’ எனப் பொருள் கூறப்படுவதால் அது காரணப்பெயர். தமிழில் இதனை வினையாலணையும் பெயராகவே பெயர்க்க வேண்டியுள்ளது. செயப்பாட்டு வினையின் அடியாகப் பிறந்த இப்பெயரில் வினைமுதல் மறைந்து நிற்கிறது. உண்டவர் யார் என வினவினால், அவர்களுக்கும் பெயரில்லை. ‘பெயரற்றோர்’ என்றே அவர்கள் சுட்டப்படுகின்றனர். பொருளுடைய பெயர் சிறையாகவும், பொருள் விளங்காத பெயர் விடுதலையாகவும் அமைவது இந்நாவலின் தனிச்சிறப்பு.

3. சொல்லால் அமைந்த வழி

கல்லறைகளின் கீழுள்ள குகையில் ஒளிக்கு இடமில்லை. அதனை அடுத்த சுரங்க வழிகளை அவள் கண்ணால் கற்பதில்லை. எத்தனை திறப்புகளைக் கடந்து எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தார் என்னும் மூத்த பூசாரிணி வாய்மொழியாகச் சொல்ல, அவள் மனப்பாடம் செய்கிறாள். பின்னர்ச் சுவரைத் தடவி எண்ணிச் செல்கிறாள். எண்ணிக்கை பிழைத்தால் உயிர் பிழைப்பது அரிது. எனவே அச்சுரங்கத்தை மனத்தில் பதிந்த ஒரு வாய்மொழிப் பனுவல் எனலாம்.

4. பெயர் மீட்பு

உடைந்த மோதிரமொன்றின் மறுபாதியைத் தேடி மந்திரவாதி கெட் அங்கு நுழைகிறான். மோதிரம் உடைந்தபோது அதில் பொறித்த ஒன்பது குறிகளுள் ஒன்று இரண்டாகப் பிளந்து பொருளிழந்தது. அஃது அமைதிக்குரிய குறி. பாதிகள் இணையும்போதுதான் குறி மீண்டும் குறியாகிறது. கெட்டைச் சிறைப்படுத்திய ஆர்காவுக்கு அவள் இழந்த பெயரை அவனே கூறுகிறான்.

பெண்ணின் பெயரை வெளியிலிருந்து வந்த ஆண் ஒருவன் மீட்டுத் தருவது குறையெனக் கருத இடமுண்டு. ஆனால் சுரங்கத்தின் வழி அவனிடம் இல்லை. அஃது அவள் நினைவில் உள்ளது. பெயரை அவனும் வழியை அவளும் தர, இருவரும் வெளியேறுகின்றனர். எனினும் இவ்விளக்கம் அக்குறையை முற்றிலும் நீக்குவதாகாது. வெளியேறிய பின் அவள் தன் வாழ்வை எவ்வாறு அமைத்துக்கொள்வாள் என்பதை நாவல் விரிவாகக் காட்டவில்லை. லெ குவின் 1990-இல் ‘தெஹானு’ நாவலில் டெனாரை நடுவயதுக் கைம்பெண்ணாகப் படைத்து, இவ்வினாவுக்குத் திரும்பியமை குறிப்பிடத்தக்கது.

5. முடிவுரை

நாவலின் இறுதி வரியில் டெனார் வீடு திரும்பும் குழந்தைக்கு உவமிக்கப்படுகிறாள். தொடக்கத்தில் தாய் விடுத்த அழைப்புக்கு அங்குதான் மறுமொழி கிடைக்கிறது. ஆயினும் இது முழு மகிழ்ச்சியன்று. வீணான ஆண்டுகளுக்காக அவள் அழுகிறாள்; விடுதலை சுமையாகவும் இருப்பதை உணர்கிறாள். பிறர் தனக்குச் செய்ததையே தன் பெயராகக் கொண்டு வாழ்ந்த ஒருத்தி அதனைக் களைவது எளிதன்று என்பதை இளையோரிடம் மறைக்காமல் கூறுவதே இந்நாவலின் நேர்மை எனலாம்.