கணக்கு சரி, மீன் எங்கே?

பெக்கான் நானாஸில் கடல் இல்லை, அன்னாசிதான் உண்டு. மேற்கே பொந்தியான் கரை, தென்மேற்கே குக்குப். அந்தக் கரைகளில் மீனவருக்கு மானிய டீசல், மாத உதவித்தொகை, மீன் இறக்கும் வளாகம் என எதை எடுத்தாலும் மலேசிய மீன் மேம்பாட்டு வாரியம் இருக்கும். எல்.கே.ஐ.எம். என்றால்தான் பலருக்குத் தெரியும். 1971இல் தனிச் சட்டத்தால் அமைந்த கூட்டரசு வாரியம் அது. அதன் கணக்கையும் நிர்வாகத்தையும் தேசிய கணக்காய்வுத் துறை சோதிக்கிறது. அந்தச் சோதனை எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

முதலில் அதன் பலம். தலைமைக் கணக்காய்வாளர் எந்த அமைச்சருக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர். அரசியலமைப்பின் 105ஆம் பிரிவு அவரை மாமன்னரின் நியமனமாக வைத்திருக்கிறது. பதவிநீக்கம் செய்வதும் நீதிபதியை நீக்குவதைப் போலவே கடினம். அவர் அறிக்கை மாமன்னரிடம் போய், பிறகு நாடாளுமன்றத்தில் வைக்கப்படும். வாரியம் தன்னைப் பற்றித் தானே எழுதும் ஆண்டறிக்கையில் இந்தத் தைரியத்தை எதிர்பார்க்க முடியாது. இன்னொரு பலம், 1957ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம் வரவு செலவோடு நின்றுவிடவில்லை என்பது. செலவழித்த பணம் நோக்கத்தை நிறைவேற்றியதா என்று பார்க்கும் செயல்திறன் தணிக்கைக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆனால் நாம் அதிகம் கேள்விப்படுவது வரவு செலவை மட்டும் பார்க்கும் நிதித் தணிக்கையைப் பற்றித்தான். ‘நிதி அறிக்கை திருப்திகரம்’ என்று செய்தி வந்ததும் வாரியமே சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சான்றிதழ் சொல்வது, ஏட்டில் எழுதியிருப்பது நிதி நிலையைச் சரியாகக் காட்டுகிறது என்பதை மட்டுமே. 2007இல் வந்த பொறுப்புடைமைக் குறியீடு அமைப்புகளுக்கு நட்சத்திரம் வழங்கியது. கோப்பு ஒழுங்காக இருந்தால் நான்கு நட்சத்திரம் கிடைக்கலாம். ஜெட்டியில் ஐஸ் இருக்கிறதா, பாரந்தூக்கி ஓடுகிறதா என்பதற்கு அதில் எத்தனை மதிப்பெண்?

டீசலைப் பாருங்கள், விவகாரத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 சென் ஆனது. மீனவருக்கு மட்டும் 1 ரிங்கிட் 65 சென். அன்றைய இடைவெளி 1 ரிங்கிட் 70 சென். மீன் பிடிக்காமலேயே லிட்டருக்கு இவ்வளவு கிடைக்கும் என்றால், கடலுக்குப் போகாத படகுக்கும் டீசல் வாங்க ஆசை வரத்தான் செய்யும். படகு உரிமம் தருவது மீன்வளத் துறை, 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி. மானியத்தைக் கவனிப்பது வாரியம். மீனவருக்கு ஊற்றிக் கொடுப்பதோ பெரும்பாலும் மீனவர் சங்கத்தின் நிலையம். கரையிறங்கிய மீனின் கணக்கு மீண்டும் மீன்வளத் துறையிடம்.

மூன்று கைகள், மூன்று ஏடுகள். ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருக்கலாம். ரசீது, கையொப்பம், ஒதுக்கீட்டு அளவு எல்லாம் பொருந்தும். காற்றும் மழையும் அடித்த மாதத்திலும் ஒரு படகு முழு ஒதுக்கீட்டையும் வாங்கிவிட்டு, மீனே இறக்கவில்லை என்பது, மூன்று ஏட்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும். அதற்கு இயந்திரத்தின் குதிரைத்திறனும் வலையின் வகையும் தெரிந்தவர் தணிக்கைக் குழுவில் வேண்டும். கணக்கியல் படித்தவர் மட்டும் போதாது. அன்னாசி வாரியத்தைத் தணிக்கை செய்பவர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் பயிர் கண்ணுக்குத் தெரியும். கடல் அந்த வசதியைத் தருவதில்லை.

அமைப்பிலேயே ஒரு கோணலும் இருக்கிறது. மீனவர் சங்கங்களுக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றின் பதிவாளர், வாரியத்தின் தலைமை இயக்குநர்தான். சங்கத்தை வளர்ப்பவரும் கண்காணிப்பவரும் ஒருவரே. தவறு நடந்தால் அவர் தன் பிள்ளையைத் தானே தண்டிக்க வேண்டும். இதைச் செய்யும் மனிதர்கள் உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர் வந்து வாய்ப்பார் என்று நம்பி ஒரு முறையை அமைக்கக் கூடாது. பொதுப்பணம் போகும் இடமெல்லாம் தொடரும் நோக்கத்தோடு 2024இல் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டது. அந்த அதிகாரம் சங்கத்தின் டீசல் நிலையம் வரை நடைமுறையில் வர வேண்டும்.

தாமதம் பற்றிய பழைய புகார் ஓரளவு குறைந்திருக்கிறது. 2013 முதல் அறிக்கைகள் ஆண்டுக்குப் பலமுறை வெளிவருகின்றன. விளைவுதான் இன்னும் மந்தம். வாரிய ஊழியரின் கவனக்குறைவால் நட்டம் வந்தால் அவரிடமே வசூலிக்க 2000ஆம் ஆண்டின் 605ஆம் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் கணக்காய்வாளர் சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான். வசூலிக்கும் முடிவு வாரியத்தின் கையிலேயே கிடக்கிறது. அறிக்கை வந்த வாரம் தலைப்புச் செய்தி, மறுவாரம் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று ஒரு கடிதம். பல விவகாரங்கள் இதோடு முடிகின்றன.

ஆகவே என் தீர்ப்பு: கணக்காய்வாளரின் சுதந்திரம் நல்ல நிலையில் இருக்கிறது, அதைத் தொடவேண்டாம். மாற வேண்டியது அவர் அளக்கும் பொருள். ஒவ்வொரு சங்கமும் பெற்ற டீசலையும் அதன் படகுகள் இறக்கிய மீனையும் ஒரே பட்டியலில், ஆண்டுதோறும் வெளியிடச் செய்ய வேண்டும். பெக்கான் நானாஸும் குக்குப்பும் தஞ்சோங் பியாய் என்ற ஒரே நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. இந்தப் பட்டியலைக் கேட்டு உங்கள் உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடல் இல்லாத ஊர்க்காரரும் எழுதலாம், மானியம் அவர் வரிப்பணமும்தான்.