தலைவியின் கட்டு

1974ஆம் ஆண்டு பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த ‘ஏக் அனேக் ஔர் ஏக்தா’ ஏறக்குறைய ஏழே நிமிடச் சித்திரப்படம். இயக்கியவர் விஜயா முலே; சித்திரங்களுக்கு உயிரூட்டியவர் பீம்சைன். சிறுவராய்த் தூர்தர்ஷனில் கண்ட அதனை, மணவூரில் இன்று பேரப்பிள்ளைகளோடு கைப்பேசியில் காண்கிறோம். இந்திச் சொற்கள் அன்று நமக்கு விளங்கவில்லை. வலையோடு பறந்த பறவைகளும், வலையை அறுத்த எலிகளும் விளங்கின.

பஞ்சதந்திரத்தின் அக்கதை பஹ்லவி மொழி வழியே சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் ஆக்கிய ‘கலீலா வ திம்னா’வில் வளையக் கழுத்துப் புறாவின் அத்தியாயமாயிற்று. அங்கே எலி, தலைவியின் கட்டையே முதலில் கடிக்க முனைகிறது. அவளோ தடுத்து, தோழியரை முதலில் விடுவிக்குமாறு வேண்டுகிறாள். தன் கட்டு அறுந்தபின் எலி களைத்துவிட்டால் மற்றவர் கதி என்னாவது என்பது அவள் கவலை.

படத்தில் இக்கட்டம் இல்லை. ஒன்றுபடுவோரின் வலிமை உண்டு. ஒன்றுபடுத்துவோரின் கடமை இல்லை. கடமை சொல்லாத ஒற்றுமையிலிருந்து குழந்தை கற்பது கீழ்ப்படிதலை மட்டுமே.

ஆயினும் படம் தள்ளத்தக்கதன்று. சிறுவன் கேட்க, அக்காள் விளக்குவதாகவே அது அமைந்துள்ளது. கைப்பேசியைக் கொடுத்துவிட்டு எழுந்துபோகும் பெரியோர் இதனைச் சிந்திக்கவேண்டும். விடுபட்ட கட்டத்தை நாம் அருகிருந்து சொன்னோம்.

“அவ கட்டு கடைசியிலேதானா?” என்றாள் பேத்தி.

ஆம், கடைசியிலேதான்.