ஓய்வுநாள் யூதரும் அன்றாட யூதரும்: கடன், வேலை, வீடு

யூதர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஷைலாக்தான். பள்ளிப் பாடப்புத்தகம் வழியாகவே நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஆசாமி. கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்கும், கடன் கொடுத்த யூதர். சரி, கடன் வாங்கிய யூதர் எங்கே போனார்? வேலை போய், வாடகை பாக்கி நின்று, மளிகைக்கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்றி வந்து, ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றியே தீர வேண்டிய வீடு ஒன்று உண்டல்லவா? அந்த வீட்டைப் பற்றி நம் இலக்கியப் பேச்சிலும் இல்லை, அரசியல் பேச்சிலும் இல்லை. அன்ஸியா யெஸியெர்ஸ்காவின் ‘பிரெட் கிவர்ஸ்’ (1925) நாவலை முன்வைத்து அந்த வீட்டை வாசித்துப் பார்க்கிறேன்.

தோழர்களுக்கு மார்க்ஸ் ஞாபகம் வரும். 1844இல் வெளியான ‘யூதப் பிரச்சினை பற்றி’ கட்டுரையில், புரூனோ பவுருக்குப் பதில் சொல்லும்போது, ஓய்வுநாள் யூதரைப் பார்க்காதே, அன்றாட யூதரைப் பார் என்கிறார் மார்க்ஸ். மதத்தின் ரகசியத்தை வாழ்க்கையில் தேடு என்பது சரியான முறையியல்தான். ஆனால் அப்படித் தேடிப் போனவர் கண்டது பணத்தைக் கடவுளாகக் கொண்ட யூதரை. கையில் காசே இல்லாத அன்றாட யூதர் அந்தப் பிரதியில் கிடையாது. இன்னொன்று: ஓய்வுநாள் யூதரும் அன்றாட யூதரும் இரண்டு பேர் இல்லை. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் நேரத்தில் ஒரே உடலுக்குள் முட்டிக்கொள்கிற இரண்டு காலங்கள் அவை. ஒன்று ஷப்பாத்தின் காலம்: வேலை கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, காசைத் தொடக் கூடாது. மற்றது கடனின் காலம். வட்டிக்கு ஓய்வுநாள் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நியூயார்க்கில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை வர முடியாது என்று சொல்கிற தொழிலாளிக்கு அடுத்த திங்கள்கிழமை வேலை இருக்காது. சொந்தமாகக் கடை வைத்தால் மட்டும் என்ன? சனிக்கிழமை மதம் மூடச் சொல்கிறது, ஞாயிற்றுக்கிழமை சட்டம் மூடச் சொல்கிறது. பிலடெல்பியாவின் யூத வணிகர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1961இல் ‘பிரவுன்ஃபெல்ட் எதிர் பிரவுன்’ தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களைக் கைவிட்டது. சட்டம் அவர்கள் மதத்தைத் தடுக்கவில்லையாம். கடைப்பிடிப்பதைச் செலவு மிகுந்ததாக மட்டும் ஆக்குகிறதாம். இந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் தாராளவாதத்தின் மொத்த சாமர்த்தியமும் இருக்கிறது. நம்பிக்கைக்குத் தடையில்லை, விலை உண்டு. அந்த விலையை வீட்டுக்குள் யார் கொடுக்கிறார்கள் என்று நீதிமன்றம் கேட்காது. இலக்கியம் கேட்க வேண்டும். யெஸியெர்ஸ்கா கேட்டார்.

ஹெஸ்டர் தெருவில் ஸ்மோலின்ஸ்கி குடும்பம். அப்பா தோரா ஓதுகிறவர். வாடகைக்கு விட்டால் நாலு காசு வரக்கூடிய முன்னறை அவருடைய புத்தகங்களுக்கு. மூத்த மகள் பெஸ்ஸி பட்டறையில் உழைத்து, கூலியை அப்படியே அவர் கையில் கொடுக்கிறாள். கடைசிப் பெண் ஸாரா பத்து வயதில் தெருவில் நின்று மீன் விற்கிறாள். ஆணின் தோரா வழியாகத்தான் பெண்ணுக்குச் சொர்க்கம் என்பது அப்பாவின் இறையியல். அந்த ஆண் சாப்பிடுவது பெண்ணின் கூலியில் என்பது அவ்வீட்டின் பொருளாதாரம். வாடகை கேட்டு வந்த பெண் புனித நூலை மிதிக்க, அப்பா அவளை அறைந்து, கைதாகி, விடுதலையும் ஆகிறார். தெருவே அவரைக் கொண்டாடுகிறது. நல்லது. வாடகை பாக்கி என்ன ஆச்சு? மானம் மீண்டுவிட்டது, கடன் அப்படியே இருக்கிறது. பெஸ்ஸி மறுபடி பட்டறைக்குப் போகிறாள்.

நாவலின் உச்சம் என்று நான் வாசிப்பது இதற்குப் பிறகு வருவதை. வரதட்சணை கேட்காமல் பெஸ்ஸியைக் கட்டிக்கொள்ள ஒருவன் வருகிறான். அப்பாவோ அவனிடம், எனக்கு ஒரு வியாபாரம் வைத்துக்கொடு என்கிறார். சம்பாதிக்கும் மகள் போய்விட்டால் குடும்பத்துக்கு ஈடு வேண்டாமா? அவன் போய்விடுகிறான். பிறகு பிள்ளைகளோடு இருக்கும் மீன் வியாபாரி ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்து, அவரிடம் வாங்கிய பணத்தில் ஒரு மளிகைக்கடை வாங்குகிறார். கடையில் சரக்கே இல்லை. முன்வரிசைக்குப் பின்னால் எல்லாம் வெற்றுப் பெட்டிகள். மகளின் உடல் பணமாகி, பணம் வெற்றுப் பெட்டியாகிறது. சந்தையை வெறுக்கும் புனிதர் சந்தையில் நுழையும்போது கையில் கொண்டுபோவது மகளைத்தான்.

இந்நாவலை ‘பழைய உலகத்து அப்பா, புதிய உலகத்து மகள்’ என்று வாசிப்பது வழக்கம். துணைத்தலைப்பே அப்படித்தான் சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பழசு-புதுசு என்ற எதிர்வில் அமெரிக்கா தப்பித்துக்கொள்கிறது. பட்டறை முதலாளி, வாடகைக்காரர், வெற்றுப் பெட்டி விற்றவர் எல்லோரும் மேடைக்குப் பின்னால் போய்விட, குற்றவாளிக் கூண்டில் தாடி வைத்த கிழவர் மட்டும் நிற்கிறார். ஸாரா படித்து ஆசிரியை ஆகித் தப்பிக்கிறாள். பெஸ்ஸி தப்பிக்கவில்லை. ஒருத்தியின் தப்பித்தல் விடுதலைக் கதையாடல் ஆகிவிடுமா?

மதம் என்றால் அப்பாவின் தோரா மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். அதே தோராவின் உபாகமத்தைத் திறந்தால் வேறு குரல் கேட்கிறது. ஏழாம் வருஷம் கடனை விட்டுவிடு. அந்த வருஷம் நெருங்குகிறது என்று ஏழைக்குக் கொடுக்க மறுக்காதே. கூலியைச் சூரியன் மறையுமுன் கொடு. மாவரைக்கும் கல்லை அடகாக வாங்காதே, அது அவன் பிழைப்பு. அடகு வாங்கப் போனால் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில். வட்டிக்கான எபிரேயச் சொல்லுக்கே ‘கடி’ என்றுதான் பொருள். ஏழாம் நாள் ஓய்வும் ஏழாம் வருஷக் கடன் விடுதலையும் ஒரே எண்ணில் கட்டியவை. உழைக்கும் உடலுக்கு ஓய்வு, கடன்பட்ட உடலுக்கும் ஓய்வு.

இந்த இரண்டில் ஒன்று பிழைத்தது, மற்றது பிழைக்கவில்லை. ஏழாம் வருஷத்துக்குப் பயந்து பணக்காரர்கள் கடன் கொடுக்க மறுத்ததைப் பார்த்த ஹில்லேல், ‘புரோஸ்புல்’ என்ற பத்திரத்தைக் கொண்டுவந்தார் என்கிறது மிஷ்னா. கடனை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் விடுதலை வருஷம் அதைத் தொடாது. வட்டிக்கும் வழி கிடைத்தது: கடனைக் கூட்டு வியாபாரமாக எழுதிக்கொள்ளும் ‘ஹெத்தேர் இஸ்கா’. இன்றைய இஸ்ரேலிய வங்கிகளும் இதை வைத்தே நடக்கின்றன. ஹில்லேலை முதலாளித்துவக் கைக்கூலி என்று திட்டுவது சுலபம். ஏழைக்குக் கடன் கிடைக்கட்டும் என்றுதான் அவர் செய்தார். ஆனால் கடன் கிடைப்பதற்காகக் கடன் தீர்வது விட்டுக்கொடுக்கப்பட்டது. ஓய்வுநாளைக் காக்க வேலையை இழக்கச் சொன்ன மரபு, விடுதலை வருஷத்தைக் காக்கப் பணக்காரரைப் பணத்தை இழக்கச் சொல்லவில்லை. ஏழை கடைப்பிடிக்க வேண்டிய ஓய்வு சட்டமாக நின்றது. பணக்காரர் கடைப்பிடிக்க வேண்டிய ஓய்வு பத்திரமாகிக் கரைந்தது.

முழுதாகக் கரைந்ததா என்றால் இல்லை. 1892இல் நியூயார்க்கில் தொடங்கிய ‘ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி’ இன்றும் வட்டியில்லாக் கடன் தருகிறது. ஓய்வுநாளுக்கென்று ஊரிடம் கையேந்துவதைவிட அதைச் சாதாரண நாளாகக் கழி என்று ரப்பி அக்கிவா சொன்னதாகத் தால்மூதில் இருக்கிறது. பக்தியைவிட மானம் பெரிது என்று சொல்லும் துணிச்சல் மரபுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஆனால் இன்றைய நிலைமையைப் பாருங்கள். அமெரிக்காவில் மதத்தைக் கடைப்பிடிக்கும் குடும்பத்துக்கு யூதப் பள்ளிக் கட்டணம் பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டுவதும் உண்டு. நாலு பிள்ளை, ஒரு சம்பளம், அதுவும் எப்போது போகுமோ தெரியாது. கட்டணச் சலுகை கேட்டால் வருமான வரித் தாள்களைச் சொந்தச் சமூகத்தின் குழு முன்னால் விரிக்க வேண்டும். கடன் கொடுத்தவனே வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றது தோரா. தோரா கற்பிக்கும் பள்ளியின் குழுவோ காகிதம் வழியாக அடுப்பங்கரை வரை வந்துவிடுகிறது. விடுமுறைக்குப் போனீர்களா, கார் எந்த வருஷத்துக் கார் என்று கேட்கிறது.

ஓய்வுநாள் வேலையைப் பறிப்பது எப்போது குறைந்தது? அருளால் அல்ல. சங்கம் கட்டிய தொழிலாளர்கள் வேலை நேரத்துக்காகப் போராடி, 1938இன் சட்டம் வந்து, 40 மணி நேர வாரம் நிலைத்தபோதுதான் சனிக்கிழமை பலருக்கும் விடுமுறையானது. பக்தரின் ஷப்பாத்தைக் காப்பாற்றியதில் கடவுள் நம்பிக்கை இல்லாத தையல்காரருக்கும் பங்கு உண்டு. இப்போது நிரந்தர வேலையும் நிலையான நேரமும் அழிய, அதே முட்டல் திரும்பி வருகிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஓய்வுநாளுக்கு இடம் கொடுக்க மறுப்பதை முதலாளிகளுக்குக் கடினமாக்கிய தீர்ப்பைப் பெற்றவர் ஒரு கிறிஸ்தவத் தபால்காரர். அவர் கேட்டது ஞாயிற்றுக்கிழமையை.

ஆகவே மார்க்ஸின் வாக்கியத்தை இப்படித் திருத்தி வாசிக்கச் சொல்கிறேன்: ஓய்வுநாள் யூதரை அன்றாட யூதரிடமிருந்து பிரிக்காதே. அவர்கள் முட்டிக்கொள்ளும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பார். விளக்கு யார் உழைப்பில் எரிகிறது என்று பார். மதத்தை விட்டால் கடன் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கும், மதத்தைப் பிடித்தால் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் பெஸ்ஸியிடம் சொல்லப் பதில் கிடையாது. அவளுக்குச் சேர வேண்டியது ஏழாம் வருஷம். அதை நினைவூட்டும் வேலையை மரபுக்குள் இருப்பவர்கள் செய்யட்டும் என்று வெளியே இருக்கும் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?