உயிரும் ஆத்துமமும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அம்மலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர் தத்தம் சமயங்களையும் உடன் கொண்டு சென்றனர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சைவ வீட்டுப் பிள்ளையும் கிறித்தவ வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து உயிர், மெய், உயிர்மெய் எனக் கற்கலாம். ஆயினும் 'உயிர்' என்னும் சொல் இரு வீட்டிலும் ஒரே பொருள் தருவதில்லை. கருவிலுள்ள குழவிக்கு உயிர் வாய்ப்பது எப்பொழுது என்று வினவின் அவ்வேறுபாடு புலனாகும்.

சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி; வினைக்கேற்ப உடல்தோறும் புகுவது. ஆதலின் உயிர் படைக்கப்பட்ட காலம் யாது என்னும் வினாவே அங்கு எழாது. கத்தோலிக்கக் கொள்கையிலோ ஒவ்வொரு மனிதனின் ஆன்மாவும் இறைவனால் புதிதாகப் படைக்கப்படுவது. 1606இல் மதுரை வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி இம்முரணை நன்குணர்ந்தவர். மறுபிறப்பை மறுக்கப் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' எழுதினார். ஆன்மாவின் இயல்பை விளக்க 'ஆத்தும நிருணயம்' இயற்றினார்.

'உயிர்' என்னாது 'ஆத்துமம்' என்றமையை வெறும் வடமொழிப் பற்று என ஒதுக்குதல் பொருந்தாது. புல்லுக்கும் புழுவுக்கும் பொதுவான உயிரினின்று மனிதனுக்கே உரிய அறிவுடை ஆன்மாவைப் பிரித்துக் காட்டும் தேவை அவர் கொள்கைக்கு இருந்தது. எனினும் சைவ வழக்கில் ஆன்மா என்பதும் எல்லா உயிர்க்கும் பொதுவே. ஆகவே சொல் மாற்றம் மட்டும் அவ்வேறுபாட்டை நிலைநாட்டாது. அவர் தரும் விளக்கமே அதனைச் செய்ய வேண்டும்.

இங்குத் தொல்காப்பிய மரபியலை நினைத்தல் தகும். ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரை அது பகுப்பது வெவ்வேறு உயிர்களை. 13ஆம் நூற்றாண்டின் தாமசு அக்குவினாசோ, அத்தகைய படிகளை ஒரே கருவின் வளர்ச்சியில் கண்டார்: முதலில் செடிக்குரிய வளர்ச்சியுயிர், பின்னர் விலங்குக்குரிய புலனுயிர், இறுதியில் இறைவன் அருளும் அறிவுயிர். அவருக்கு முன்னரே தெர்த்துல்லியன், ஆன்மா பெற்றோர் வழியே உடலுடன் தொடக்கத்திலேயே வருவது என்றார். அகுத்தீனார் முடிவு கூறாது விடுத்தார். கருவழிப்பைக் கண்டித்து 1974இல் உரோமைத் திருச்சபை வெளியிட்ட அறிக்கையும் ஆன்மா சேரும் கணத்தை வரையறுக்கவில்லை. ஐயமிருப்பினும் கருவைக் காத்தல் கடன் என்றது.

இது நூலோர் வழக்கு மட்டுமன்று. திருமுழுக்குப் பெறாமல் கருவிலேயே இறந்த குழவியின் கதி என்ன என்பது தோட்டத்துத் தாய்க்கும் உரிய வினா. அத்தகைய குழவிகளும் மீட்புப் பெறுவர் என நம்புவதற்கு இடமுண்டு என்று உரோமையின் இறையியல் ஆணைக்குழு 2007இல் எழுதியது. அஃது உறுதிமொழியன்று, நம்பிக்கையே. எனினும் அத்தாய்க்கு அது சிறிதன்று.

தத்துவபோதகரின் உரைநடையைப் பயிற்றும் ஆசிரியர் அதில் வடசொற்களை எண்ணுவதோடு அமைதல் போதாது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் எனக் கற்பிக்கும் வகுப்பிலேயே, உடலோடு உயிர் கூடும் முறைபற்றித் தமிழில் நிகழ்ந்த இவ்வழக்கையும் எடுத்துரைக்கலாம். ஒரு பலகையில் அமரும் இரு பிள்ளைகளும் அடுத்த வீட்டின் நம்பிக்கையை அறிந்துகொள்ள அது வழிசெய்யும்.