மணவிலக்குக்குப் பூட்டு! கொலைக்குக் கதவு!

மனைவியை விலக்க விரும்புகிறான் ஒருவன். கூடாது என்கிறது சட்டம். அவளைக் கொல்ல விரும்புகிறான். மூன்றாண்டு இருந்துவிட்டு வா என்கிறது அதே சட்டம்! கட்டுக்கதையன்று. இத்தாலியக் குற்றவியல் சட்டத்தின் 587-ஆம் பிரிவு அது. மனைவியையோ மகளையோ சகோதரியையோ கள்ள உறவில் கண்டு, மானம் போயிற்றென்ற சினத்தில் கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறைதான். முசோலினி ஆட்சியில் பிறந்த அந்தப் பிரிவு 1981 வரை உயிரோடிருந்தது! மணவிலக்குச் சட்டமோ, திருச்சபையின் எதிர்ப்பைத் தாண்டி 1970-இல்தான் பிறந்தது.

இந்த அவலத்தை நகைச்சுவையாக்கி, பியத்ரோ ஜெர்மி 1961-இல் தந்த படமே ‘இத்தாலிய முறை மணவிலக்கு’. சிசிலித் தீவின் இஸ்பிகா, ரகூசா இப்லா முதலிய ஊர்களில் எடுக்கப்பட்டது. நொடித்துப் போன சீமான் ஃபெஃபே. நடிப்பவர் மார்செல்லோ மாஸ்ட்ரோயானி. மனைவி ரொசாலியா கசக்கிறாள். உறவுக்காரச் சிறுமி ஆஞ்செலா இனிக்கிறாள். என்செய்வான்? மனைவியின் பழைய காதலனான ஓவியனைத் தானே வீட்டுக்கு அழைத்து, ஒலிப்பதிவுக் கருவியையும் ஒளித்துவைத்து, தன் மானம் போகும் நன்னாளுக்காகக் காத்திருக்கிறான்! கொலை நடக்குமுன்பே, தனக்காக வழக்கறிஞர் பொழியப்போகும் சொன்மாரி அவன் காதில் ஒலிக்கிறது. அடுக்குமொழியில் நமக்கும் காதலுண்டு. ஆயினும் அந்தக் காட்சியில் வாய்விட்டுச் சிரித்தோம்.

பாதிரியார் ஒரு படத்தைப் பார்க்காதீர் என்று கண்டிக்கிறார். ஊரே அதைப் பார்க்கக் கொட்டகைக்குத் திரள்கிறது. அந்த இரவிலேதான் ரொசாலியா ஓடிப்போகிறாள்.

ஒரு குறையை மறைப்பதற்கில்லை. ரொசாலியாவுக்கு அரும்பு மீசையையும் ஓயாக் கொஞ்சலையும் தந்து, கொலைகாரனோடு சேர்ந்து நம்மையும் சலிப்படைய வைக்கிறார் ஜெர்மி. அவள் அழகியாக இருந்திருந்தால் நாம் இவ்வளவு எளிதாகச் சிரித்திருப்போமா? சாகிறவளுக்கென ஒரு நொடியும் படம் ஒதுக்கவில்லை.

ஆனால் ஒரு காட்சிக்காக எதையும் பொறுக்கலாம். பொதுவுடைமைக் கட்சியின் மன்றம். வடக்கேயிருந்து வந்த தோழர் பெண் விடுதலை பற்றிப் பேசி, ரொசாலியாவைப் பற்றி உழைக்கும் மக்கள் தரும் நேர்மையான தீர்ப்பு யாது என்று கேட்கிறார். “வேசி!” என்று முழங்குகிறது மன்றம். முழங்கியவர் பக்தர்களல்லர், கட்சித் தோழர்கள்! மேடையேறும் இளைஞர்கள் இக்காட்சியை இருமுறை பார்க்கட்டும்.

கொன்றவன் சிறை மீண்டு, ஆஞ்செலாவை மணந்து, படகில் செல்கிறான். அவன் முத்தமிட்டுக் கொண்டிருக்கையில், புதுமணப்பெண்ணின் பாதம் படகோட்டும் இளைஞனின் பாதத்தை மெல்ல வருடுகிறது.