நாடாவில் தேய்ந்த புள்ளி

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஏடெழுதியோர் அவ்விதியைப் பெரும்பாலும் கைவிட்டனர். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சினர். அதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு தமிழறிந்தார் அறிந்ததே. அச்சில் மீண்ட புள்ளிக்கு 1980களிலும் 90களிலும் மீண்டும் ஓர் இடர் வந்தது. இம்முறை அதனைத் தேய்த்தது வீடியோ நாடா.

புக்கிட் காத்தில் முதலிய மலாக்கா வட்டாரங்களிலும் பிற தோட்டப்புறங்களிலும் அந்நாள் திருமண நாடாக்களைப் போட்டுப் பார்ப்போர், படத்தின்மேல் மின்னும் தலைப்பைக் கண்டு புன்னகைப்பதுண்டு. 'கண்ணன்' அங்கே 'கணணன' ஆகிறான். "சிறு முதலீட்டில் இவ்வளவே இயலும்" என்பது வழக்கமான சமாதானம். அச்சமாதானம் பாதியளவே உண்மை.

முதலில் உண்மையான பாதி. மலேசியத் தொலைக்காட்சியின் பால் முறையில் ஒரு படம் 625 வரிகளால் ஆனது. ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை என நொடிக்கு 50 அரைப்படங்கள் மாறிமாறி வரும். ஒரே வரி உயரமுள்ள கோடோ புள்ளியோ நொடிக்கு 25 முறையே தோன்றும். ஆதலின் அது நடுங்கும். வி.எச்.எஸ். நாடா நுண்ணிய விவரத்தை மேலும் மழுக்கும். நிறத்தின் விவரத்தை அதனினும் மிகுதியாக மழுக்கும். சிவப்பெழுத்து பக்கத்தில் வழிவது இதனாலேயே.

கணினியும் இணங்கவில்லை. முத்து நெடுமாறன் மலேசியாவில் உருவாக்கிய 'முரசு' 1985இல் வந்தது. ஆயின் தமிழ் எழுதத் தெரிந்த அலுவலகக் கணினியின் படம் நேரே நாடாவில் ஏறாது. 1987இல் வந்த வி.ஜி.ஏ. திரை நொடிக்கு ஏறத்தாழ 31,500 வரி வரைவது. பால் முறைக்கு வேண்டுவதோ 15,625. இடையே மாற்றுக்கருவி வேண்டும், அது விலை மிக்கது. 1985இல் வெளிவந்த கமடோர் அமிகா தொலைக்காட்சி அளவிலேயே வரைந்தது. ஜென்லாக் என்னும் இணைப்புக் கருவியால் ஓடும் படத்தோடு காலம் ஒத்து, எழுத்தை அதன்மேல் பதித்தது. சிறு முதலாளிக்கு அதுவே கைகொடுத்தது.

இனி உண்மையல்லாத பாதி. சுழன்று வரும் தலைப்புக்குச் செலவிட்டோர் எழுத்துக்குச் செலவிடவில்லை. கணினி ஒவ்வொரு படமாக மெல்ல வரைய, அதனை ஒவ்வொன்றாகவே பதிய வேண்டுமெனில் பத்து நொடிக்கு 250 படங்கள். அவ்வாறு பதியும் கருவி வீட்டு வி.எச்.எஸ். அன்று. 1993இல் அமெரிக்காவில் 'பாபிலோன் 5' அமிகாக்களையும் வீடியோ டோஸ்டரையும் கொண்டு விண்கலங்களைப் பறக்கவிட்டதைச் சுட்டுவர். அந்த டோஸ்டர் அமெரிக்க முறைக்கே உரியது. பால் நாட்டாருக்கு நேரே பயன்படாது.

அசையாத தலைப்புக்கு இத்தொல்லை எதுவுமில்லை. தாளில் அழகாயிருந்த மெல்லிய அச்செழுத்தை அப்படியே திரைக்குக் கொணர்ந்ததே தவறு. வரைமென்பொருளில் கையால் கட்டங்கட்டமாக வரைந்த எழுத்து, கரடுமுரடாயினும், நாடாவில் நன்றாய் நின்றது. கிடைக்கோட்டை இரண்டு மூன்று வரித் தடிப்பாக்கி, புள்ளியைச் சிறு சதுரமாக்கி, வெள்ளையெழுத்துக்குக் கருங்கரை கட்டினால் போதும், காசு செலவில்லை. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்துத் திருத்தும் பொறுமையே வேண்டும். நீண்ட தமிழ்ப் பெயரைத் திரையின் ஓரம் வரை இழுத்து, ஈற்றெழுத்தைச் சட்டத்துக்குள் மறையவிட்டதற்கும் வறுமை காரணமன்று.

மற்றொன்று பலர் கருதாதது. தலைப்பை மேலே பதிக்கும்போதே நாடா ஒருமுறை படியெடுக்கப்படுகிறது; உறவினர்க்குத் தருவது அதன் படியின் படி. மாமன் வீட்டு நாடாவில் புள்ளி மணமகன் வீட்டினதைக் காட்டிலும் மங்கலாயிருப்பது இயல்பே.

இன்று இந்நாடாக்களை எண்முறைக்கு மாற்றும் கடைகள், வேலை எளிதாக வேண்டி, அரைப்படங்களில் ஒன்றை விடுத்துச் சேமிப்பதுண்டு. விடுபட்ட வரியில் மட்டும் இருந்த புள்ளி அத்துடன் அடியோடு போகிறது. இரண்டையும் காத்து எடுக்குமாறு கேட்போர் வீட்டில் கண்ணன் கண்ணனாகவே இருப்பான்.